சஹனும் திராமியும்

அஜ்மீர் ஸியாரத்தை முடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் டில்லிக்குத் திரும்பியது 2023 நவம்பரில். நானும் என் மச்சானும், வெலிமடையிலிருந்து எங்களோடு சேர்ந்துகொண்ட அவருடைய சிநேகிதர் ஒருவரும். நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவில் மஃரிபைத் தொழுதோம். பக்கத்தில் அடங்கியிருக்கும் அமீர் குஸ்ருவுக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வெளியே வந்தபோது மூவருக்கும் நல்ல பசி. பத்து நாளாக ரொட்டியும் பருப்பும் கிழங்குமாகத் தின்று நாக்கு மரத்துப் போயிருந்தது. "இன்றைக்காவது சோறு தின்ன வேண்டும்" என்றார் மச்சான். சவூதியில் பத்து வருடம் வேலை செய்து ஹிந்தி பழகியவர் அவர். ஓட்டோக்காரரிடம் அதையே ஹிந்தியில் சொன்னார். ஓட்டோக்காரர் சிரித்துவிட்டு, சோறு தின்கிறவர்கள் காஷ்மீர்க்காரர்கள்தான் என்று தெற்கு டில்லியின் ஒரு சந்துக்குள் கொண்டுபோய் இறக்கினார்.

பத்து மேசைகூட இல்லாத சின்னச் சாப்பாட்டுக் கடை அது. பெயர்ப்பலகை உர்து எழுத்தில் இருந்ததால் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டோம். பரிமாற வந்த பையன் அனந்த்நாக் பக்கத்தவன். இலங்கையிலிருந்து வருகிறோம் என்றதும் அவனுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பட்டியலை எடுத்து ஒரு பக்கமாக வைத்துவிட்டு, "திராமி தரட்டுமா? நாலு பேருக்கானது. நீங்கள் மூன்று பேர்தான். பரவாயில்லை" என்றான்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் செம்புக் கெண்டியும் படிக்கமுமாக வந்து எங்கள் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தார். அதன் பிறகு கூம்பு வடிவ மூடி போட்ட பெரிய செம்புத் தாம்பாளம் ஒன்று நடுவில் வந்து அமர்ந்தது. மூடியைத் திறந்தால் வெள்ளைச் சோற்று மேடு. அதன்மேல் கபாபும் விலா எலும்புத் துண்டுகளும் கோழியும் நாலு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட்டு அடுக்கப்பட்டிருந்தன.

மச்சான் என்னைப் பார்த்தார். "இது சஹன்தானே!" என்றார்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஹாலிஎலயிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, முன்பின் அறியாத ஓர் உணவைத் தேடி உட்கார்ந்தால், எங்கள் ஊர்க் கலியாண வீட்டுப் பந்தலில் உட்கார்ந்தது போலிருந்தது. இது எப்படி என்று அன்றிரவு தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை.

★

காஷ்மீர் முஸ்லிம்களின் விருந்துக்கு வஸ்வான் என்று பெயர். 'வாஸா' என்றால் சமையற்காரர், 'வான்' என்றால் கடை. கலியாணத்துக்கு முன்தினமே தலைமை வாஸா தன் ஆட்களோடு வந்து திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டிவிடுவார். எலும்பு நீக்கிய ஆட்டிறைச்சியைக் கல்லின்மேல் வைத்து மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டித் தட்டிப் பசை போலாக்குவார்கள். சிவப்புக் குழம்பில் போடும் உருண்டை ரிஸ்தா. தயிர்க் குழம்பில் வரும் பெரிய உருண்டை குஷ்தாபா. முழு விருந்து என்றால் முப்பத்தாறு வகை என்பது வழமையாகச் சொல்லும் கணக்கு. குஷ்தாபா வந்துவிட்டால் இறைச்சி முடிந்தது என்று அர்த்தம். எங்கள் ஊரில் வட்டிலப்பம் வந்துவிட்டால் எப்படி விளங்கிக்கொள்வோமோ, அப்படி. ஸ்ரீநகரின் பழைய நகரத்தில் இந்தச் சமையற்காரர்கள் பரம்பரையாக வாழ்ந்த பகுதிக்கு வாஸாபோரா என்றே பெயர்.

திராமியில் நாலு பேர். எங்கள் சஹனில் ஆறு பேர். அங்கே கை கழுவ வார்ப்பதற்குத் தனிக் கெண்டியும் படிக்கமும் உண்டு. எங்களிடமும் உண்டு. சின்ன வயதில் கலியாண வீடுகளில் அந்தப் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகும் வேலை எங்களைப் போன்ற பொடியன்களுக்குத்தான். அவர்கள் மேதி மாஸ் என்று ஆட்டுக் குடலை வெந்தயக் கீரையோடு சமைக்கிறார்கள். நாங்கள் பாபத் கறி வைக்கிறோம். பிஸ்மி சொல்லி, வலது கையால், தனக்கு முன்னால் உள்ளதிலிருந்து மட்டும் எடுத்து உண்பது இரண்டு இடத்திலும் ஒழுக்கம். நபிகளார் (ஸல்) ஒரு சிறுவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அது காஷ்மீர் மலைக்கும் போனது, ஊவா மலைக்கும் வந்தது. இரண்டும் ஒரே கூடத்துப் பிள்ளைகள், ஒன்றை ஒன்று பார்த்துப் படித்ததல்ல.

சொற்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சஹன் என்பது தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். காஷ்மீரின் விலா எலும்பு வறுவலுக்கு தபக் மாஸ் என்று பெயர். தபக் அரபு. மாஸ் என்பது சமஸ்கிருத மாம்ஸத்தின் வழிவந்தது, நாம் மாமிசம் என்பது. மூடிக்குச் சொல்லும் சர்போஷ் பாரசீகம். ஆனால் திராமி என்ற சொல்லோ செம்பைக் குறிக்கும் 'திராம்' என்பதிலிருந்து வந்தது. சமஸ்கிருதத்தில் தாம்ர, நமக்குத் தாமிரம். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் எல்லாம் ஒரே தட்டில் கிடக்கின்றன. எங்கள் சஹனிலும் அப்படியே. சஹன் அரபு, பாபத் மலாய், அச்சாறு பாரசீகமும் மலாயும் கடந்து வந்தது, நெய்ச்சோறு தமிழ். வட்டிலப்பத்தின் கித்துள் கருப்பட்டியோ சிங்களக் கிராமத்திலிருந்து வருவது.

★

வஸ்வானின் மூலத்தைக் கேட்டால் காஷ்மீர்க்காரர்கள் தைமூரிடம் போவார்கள். 1398இல் அவன் டில்லியைச் சூறையாடிய காலத்தை ஒட்டி சமர்க்கந்துச் சமையற்காரர்கள் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள் என்பது வாஸாக்களின் வாய்மொழி மரபு. சமர்க்கந்தோடு காஷ்மீருக்கு உறவு இருந்தது உண்மை. 14ஆம் நூற்றாண்டில் மீர் ஸையித் அலி ஹமதானி தன் சீடர்களோடு வந்து இஸ்லாத்தோடு கைத்தொழில்களையும் பரப்பினார். ஸ்ரீநகரில் ஜேலம் நதிக்கரையில் அவர் பெயரால் நிற்கும் கான்காஹ் இன்றும் அந்த மக்களின் நெஞ்சில் இருக்கிறது. 1420 முதல் 1470 வரை ஆண்ட ஸுல்தான் ஸைனுல் ஆபிதீன், மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கைவினைஞரை வரவழைத்தார். மக்கள் அவரை 'புட்ஷா', அதாவது பெரிய அரசர், என்றார்கள்.

அந்த ஸுல்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய வாப்பா ஸிக்கந்தரின் காலத்தில் பிராமணர் பலர் துன்பப்பட்டு ஊரைவிட்டு ஓடினார்கள். மகன் அவர்களைத் திரும்ப அழைத்தார். அவர்கள்மீதிருந்த ஜிஸ்யா வரியை நீக்கினார். மஹாபாரதத்தையும் ராஜதரங்கிணியையும் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். தட்டில் ஆள் குறைந்தால் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்த ராஜா அவர்.

அக்பர் காஷ்மீரைப் பிடித்தது 1586இல். சில வருடங்களுக்குள் அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் காஷ்மீர் மக்களின் உணவைக் குறிக்கும்போது சோறு, மீன், காய்கறி என்றும், காய்கறியைக் காயவைத்துச் சேமிப்பார்கள் என்றும் எழுதுகிறார். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் நாட்டுக்கு அந்தச் சேமிப்புத்தான் உயிர். ஆக, சாதாரணக் காஷ்மீரி தினமும் வஸ்வான் தின்றவன் அல்ல. அவனுடைய அன்றாடச் சாப்பாடு சோறும் ஹாக் என்ற கீரையும். கோவா இனத்தைச் சேர்ந்த அந்தக் கீரையைத் தண்ணீரும் எண்ணெயும் மிளகாயும் போட்டு அவித்துவிடுவார்கள். டில்லிக் கடையில் அதையும் ஒரு கிண்ணத்தில் வைத்தான் பையன். வெலிமடை சிநேகிதர் மரக்கறித் தோட்டக்காரர். மூன்று இறைச்சியையும் விட்டுவிட்டு அந்தக் கீரையைத்தான் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். தயிர்க் குழம்பில் தாமரைக் கிழங்கும் வந்தது. தால் ஏரியில் விளைவது அது. எங்கள் சிங்கள அயலவர்கள் நெலும் அல என்று கறி வைப்பதும் அதுவே.

அடுத்து வந்தது ரோகன் ஜோஷ். ரோகன் என்றால் எண்ணெய் அல்லது நெய், ஜோஷ் என்றால் கொதிப்பு. இரண்டும் பாரசீகச் சொற்கள். பார்த்தவுடன் பயந்துவிட்டோம். அவ்வளவு சிவப்பு. வாயில் வைத்தால் எங்கள் இறைச்சிக் கறியின் பாதிக் காரம்கூட இல்லை. காஷ்மீர் மிளகாய் நிறம் கொடுக்கும், காரம் குறைவாகக் கொடுக்கும். போதாததற்குக் கோழிக்கொண்டைப் பூவை ஊறவைத்த சாற்றையும் சேர்ப்பார்கள். இதில் ஒரு சரித்திரக் கணக்கும் இருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் 1498இல் கடல்வழி வந்த பிறகே அது இந்தியாவுக்குள் நுழைந்தது. ஆகவே மிளகாய்ச் சிவப்பு ரோகன் ஜோஷை தைமூரின் சமையற்காரர்களோ புட்ஷாவோ கண்டிருக்க முடியாது. மிகப் பழையது, மாறாதது என்று நாம் நெஞ்சில் அடித்துச் சொல்லும் உணவுகளில் எத்தனை நேற்று வந்த விருந்தாளிகளால் ஆனவை! மிளகாயில்லாத இலங்கைச் சமையலை நம்மால் நினைக்க முடிகிறதா? அதற்கு முன் நம்மூர்க் கறிக்கு உறைப்பு தந்தது மிளகு.

★

பையன் ஒரு கேள்வி கேட்டான். ரோகன் ஜோஷ் இரண்டு விதம் இருக்கிறது. நீங்கள் தின்பது எங்கள் வீட்டுச் சமையல். பண்டிதர் வீட்டுச் சமையலும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா?

காஷ்மீரப் பண்டிதர்கள் பிராமணர்கள். ஆனால் ஆட்டிறைச்சி உண்பார்கள். அவர்களுடைய ரோகன் ஜோஷில் வெங்காயமும் இல்லை, உள்ளியும் இல்லை. பெருங்காயம், பெருஞ்சீரகத் தூள், வேர்க்கொம்புத் தூள், தயிர். முஸ்லிம்களுடையதில் சின்ன வெங்காயமும் உள்ளியும். ஒரே பெயர், ஒரே இறைச்சி, ஒரே நிறம், மணம் மட்டும் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றபோது எனக்கு எங்கள் ஊர்க் கத்தரிக்காய்தான் ஞாபகம் வந்தது. முஸ்லிம் வீட்டுப் பாஹியும் சிங்கள வீட்டு மோஜுவும் தோட்டத்து லயத்துப் பிரட்டலும் ஒரே கத்தரிக்காய்தானே?

காஷ்மீரில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்ந்த கவிஞர் ஆகா ஷாஹித் அலி (1949 - 2001) பற்றி அமிதவ் கோஷ் ஒரு நினைவுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஷாஹித் முஸ்லிம். நன்றாகச் சமைப்பவர். ஆனால் அவர் பண்டிதர் முறைச் சமையலில் தனி மோகம் கொண்டிருந்தாராம். ஏன் என்று கோஷ் கேட்டபோது, தனக்குத் திரும்பத் திரும்ப வரும் ஒரு கனவைச் சொன்னாராம். பள்ளத்தாக்கிலிருந்து பண்டிதர்கள் எல்லோரும் மறைந்துபோக அவர்களுடைய உணவும் அழிந்துபோகிற கனவு. அயலவனுடைய சமையல் அழிந்துவிடக் கூடாது என்று தன் அடுப்பில் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் கவிஞர்!

அந்தக் கனவு வெறும் கனவல்ல. 1990 ஜனவரியில் தொடங்கி மிகப் பெரும்பாலான பண்டிதக் குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறின. கொலைகளும் மிரட்டல்களும் அவர்களைத் துரத்தின. அதே ஜனவரி 21ஆம் திகதி ஸ்ரீநகரின் கவ்கதல் பாலத்தில் ஆர்ப்பாட்டம் செய்த முஸ்லிம்கள் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு துயரமும் ஒரே மாதத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

1990 என்றதும் நம்மில் யாருக்குத்தான் நெஞ்சு அடைக்காது? ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்து அகதி முகாம் ஓலைக் குடிசைகளில் அவர்கள் மூட்டிய அடுப்பில் யாழ்ப்பாணத்துச் சமையல் எவ்வளவு நாள் தாக்குப்பிடித்தது? அவர்கள் போன பின்பு சோனகத் தெருவின் கறி மணத்தைத் தன் அடுப்பில் காப்பாற்ற வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் எவருக்காவது கனவு வந்ததா? வந்திருக்கும் என்றே நம்ப விரும்புகிறேன். நம்மையும் அதே கேள்வி கேட்க வேண்டும். நம்மை விட்டுப் போனவர்களின் ருசியை நாம் காப்பாற்றினோமா?

★

கடைசியில் தேத்தண்ணி. ஹாலிஎலக்காரன் டில்லியில் வேறு எதில் மயங்கினாலும் தேத்தண்ணியில் மயங்க மாட்டான். ஆனால் வந்தது ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது, வாயில் வைத்தால் உப்பு! நூன் சாய். நூன் என்றால் உப்பு. பச்சைத் தேயிலையைச் சோடாத் தூளோடு நெடுநேரம் கொதிக்க வைத்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக் காற்றுப் படவிட்டால் சாறு செக்கச் சிவந்துவிடும். பால் சேர்த்ததும் இளஞ்சிவப்பாகும். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு, தேயிலைக்கு இப்படி ஒரு நிறம் உண்டு என்று அறுபது வயதைக் கடந்த பிறகே தெரிந்தது.

உப்புத் தேத்தண்ணி மச்சானுக்குப் பிடிக்கவில்லை. பையன் அவருக்கு கஹ்வா கொண்டுவந்தான். பச்சைத் தேயிலையில் ஏலம், கறுவா, குங்குமப்பூ, மேலே சீவிய வாதுமை. கஹ்வா என்பது அரபியில் கோப்பியின் பெயர். காஷ்மீரில் கோப்பி இல்லை, கோப்பியின் பெயர் தேயிலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எங்கள் மலையிலும் அதுவே நடந்தது. பெயரில் அல்ல, மண்ணில். ஊவா மலைகளில் வெள்ளைக்காரன் முதலில் நட்டது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில் கோப்பி இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் தென்பட்டன. இருபது வருடத்துக்குள் அந்த இலைநோய் இலங்கையின் கோப்பியையே அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னதாக, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி இருந்த மலையெல்லாம் தேயிலை ஏறியது.

யார் அதை நட்டார்கள்? 1876 - 78 பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, பிழைத்தவர்கள் பெருந்தொகையாகக் கண்டிச் சீமைக்குக் கப்பலேறினார்கள். அதே வருடங்களில், 1877 - 79இல், காஷ்மீரிலும் கொடிய பஞ்சம். அங்கே டோக்ரா மகாராஜாக்களின் ஆட்சி. 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி எழுபத்தைந்து இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயர் அந்த நாட்டைக் குலாப் சிங்குக்குக் கொடுத்திருந்தார்கள். விளைந்த நெல்லில் பெரும்பகுதி அரசுக்குப் போனது. கூலியில்லாத கட்டாய வேலை வேறு. 1895இல் வெளிவந்த வால்டர் லோரன்ஸின் நூலில் இந்தக் கொடுமையெல்லாம் பதிவாகியிருக்கிறது. சோறு தின்னும் இரண்டு மலைநாட்டின் ஏழைகள் ஒரே காலத்தில் சோற்றுக்கு அலைந்திருக்கிறார்கள். முப்பத்தாறு வகை விருந்தைப் பற்றி எழுதும் எவரும் இதை மறந்துவிடக் கூடாது.

ஊவாவில் முஸ்லிம்களின் சரித்திரம் தேயிலைக்கு மிக முந்தியது. கண்டி ராஜாக்களின் காலத்தில் மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் கரையிலிருந்து மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1817இல் வெல்லஸ்ஸையில் ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் முஹாந்திரமாக நியமித்தது ஊவாக் கிளர்ச்சி வெடிக்க ஒரு காரணமானது. பிறகு வந்தவர்கள் மலாயர். இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் மலைநாட்டு நகரங்களிலும் தோட்டங்களிலும் வேலை தேடிக்கொண்டார்கள். பதுளையில் அவர்களுடைய சந்ததி இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள். சம்பள நாளில் தோட்டத்து வாசலில் தடியோடு நின்ற வட்டிக்கார ஆப்கான்காரர்களும் உண்டு. 1924இல் ரெயில் பதுளையைத் தொட்டபோது ஹாலிஎல ஒரு ஸ்டேஷனானது. பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் சந்திக்கும் இடம் அது. சந்தி இருந்தால் சாப்பாட்டுக் கடை இருக்கும். எங்கள் வாப்பா அப்படி ஒரு கடையைத்தான் முப்பது வருடம் நடத்தினார்.

★

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சம்பள நாளில் தோட்டத்துத் தமிழர்கள் குடும்பத்தோடு வந்து தின்பார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் சிங்களக் கிராமத்தவர்கள் விடிய ஐந்து மணிக்கே கதவைத் தட்டுவார்கள். மாட்டிறைச்சிச் சட்டியின் அகப்பை மரக்கறிச் சட்டிக்குள் போய்விடக் கூடாது என்பதில் வாப்பா பிடிவாதமாக இருந்தார். "நம்பித்தான் வாய்க்குள் வைக்கிறான்" என்பார். சாப்பாட்டுக் கடையின் முதலே அந்த நம்பிக்கைதான் என்பது அவர் எண்ணம்.

அந்த முதலைத்தான் நம் காலத்தில் குறிவைத்து அடித்தார்கள். 2013இல் ஹலால் முத்திரையைப் பெரிய பகையாக்கினார்கள். ஜம்இய்யத்துல் உலமா அதை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மாத்திரை என்று சொன்னது மாக் கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அதற்குள் திகன எரிந்துவிட்டது. 2019 ஏப்ரல் 21இல் நம் பெயரைச் சொல்லிக்கொண்ட கொலைகாரர்கள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் செய்த பாதகத்துக்குப் பிறகு, முஸ்லிம் கடைகளில் தின்னாதே என்ற சொல் ஊர் ஊராகப் போனது. இத்தனை காலம் தின்றவர்களே தயங்கினார்கள் என்பதுதான் அடி.

காஷ்மீரிலும் விருந்தின் கதை அரசியலின் கதையாகவே இருக்கிறது. 2017இல் கலியாண விருந்தாளிகளின் எண்ணிக்கைக்கும் உணவு வகைகளுக்கும் எல்லை வைத்து அங்கே ஓர் அரச உத்தரவு வந்தது. வீண்விரயத்தைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. ஆனால் 2019 ஓகஸ்ட் 5ஆம் திகதி அந்த மாநிலத்தின் தனி அந்தஸ்து நீக்கப்பட்டு, தொலைபேசியும் ஊரடங்குமாகப் பள்ளத்தாக்கு அடைபட்ட மாதத்தில், கலியாண அழைப்பை ரத்துச் செய்யும் சின்னச் சின்ன விளம்பரங்கள் பத்திரிகைகளில் வரிசையாக வந்தன. நிக்காஹ் எளிமையாக நடக்கும், விருந்து இல்லை, யாரும் வர வேண்டாம். கலியாணம் என்றாலே கூடித் தின்பது என்றிருக்கும் ஊரில் எழுதக் கடினமான விளம்பரம் அது.

டில்லிக் கடைப் பையன் அரசியல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது திராமியைப் பார்த்தேன். எங்கள் மூவரின் பக்கமும் வெறுமையாக இருந்தது. நாலாவது பக்கத்தின் சோறும் கபாபும் கை படாமல் அப்படியே இருந்தன. அவரவர் முன்னால் உள்ளதைத்தான் தின்போம் என்பதால் யாரும் அங்கே கை நீட்டவில்லை. பையன் அதைப் பார்த்து, "நீங்கள் எங்கள் ஆட்கள் போலத்தான் தின்றிருக்கிறீர்கள்" என்றான். அந்தப் பங்கைப் பொதி கட்டித் தரச் சொல்லி தர்கா வாசலில் இருந்த ஒரு முதியவரிடம் கொடுத்தோம்.

★

ஊர் திரும்பி சில மாதத்தில், 2024இல், தங்கச்சி மகளின் நிக்காஹ் வந்தது. மண்டபத்தில் பஃபே வைப்போம் என்றார்கள் பிள்ளைகள். சஹன் இப்போது யாருக்குப் பிடிக்கும்? கொரோனாவுக்குப் பிறகு ஒரே தட்டில் தின்ன எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு இறைச்சி விலையில் சஹன் கட்டுப்படியாகாது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு நியாயமும் நியாயம்தான். நான் மறுத்துப் பேசவில்லை. டில்லியில் தின்ற கதையை மட்டும் சொன்னேன். மச்சான் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். முடிவில் பாதிக்குப் பாதி என்றானது. மண்டபத்தில் பஃபே, வீட்டு முற்றத்தில் பதினைந்து சஹன்.

மஹல்லாவின் சஹன்கள் பள்ளிவாசல் களஞ்சியத்தில் வருடக்கணக்காகத் தூசியோடு கிடந்தன. கழுவி எடுக்கவே ஒரு பகல் போனது. சிங்கள அயலவர்களுக்கும் தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் மாட்டிறைச்சி இல்லாமல் தனிச் சட்டி வைத்தோம். அவர்களில் சிலருக்கு எச்சில் என்ற எண்ணம் உண்டு, அது நமக்குத் தெரியும். அவர்களுக்கு அதே பாயில் தனித்தனிப் பீங்கான் வைத்தோம். சேர்ந்து உண்பதற்கு ஒரே கறியைத்தான் உண்ண வேண்டும் என்றில்லை. வாப்பாவின் அகப்பைச் சட்டம் அதைத்தான் சொன்னது.

சஹன் வைக்கும் பந்தலில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்துவிட்டால் உடனே மூடியைத் திறக்க மாட்டார்கள். ஆறாவது ஆளைத் தேடுவார்கள். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்ப்பதில்லை. முற்றத்தில் நிற்பவரைக் கைகாட்டிக் கூப்பிட்டு இருத்துவார்கள். அன்றைக்கு நான் உட்கார்ந்த சஹனிலும் ஐந்து பேர்தான். வாசலில் நின்ற வேன் சாரதி ஒருவரை மச்சான் கூப்பிட்டார். அவர் எந்த ஊரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கையைக் கழுவிவிட்டு வந்து எங்களுக்கு நடுவில் இடம்பிடித்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் பிஸ்மி சொன்னோம்.